மூன்று தோட்டாவும் ஒரு தாசில்தார் துப்பாக்கியும்

ஜிம் கார்பெட்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? புலி. அப்புறம் உத்தரகண்டில் அவர் பெயரில் இருக்கிற தேசியப் பூங்கா. ஸ்கூல் லைப்ரரியில் புரட்டின ஒரு புத்தகம். அவ்வளவுதானே? இந்தக் கட்டுரையிலும் புலி வரும், கவலைப்படாதீங்க. ஆனால் நான் சொல்ல வந்தது அவர் கையிலிருந்த துப்பாக்கிகளைப் பற்றி, இன்னும் சரியாச் சொன்னா, அந்தத் துப்பாக்கிகளுக்குள்ளே போன தோட்டாக்களைப் பற்றி. மெக்கானிக்கல் பசங்களுக்கு இது ஒரு கேஸ் ஸ்டடி மாதிரி இருக்கும். மத்தவங்களுக்கு ஒரு மனுஷனோட கதை.

கார்பெட் 1875 ஜூலை 25 அன்று நைனிதாலில் பிறந்தார். அப்பா அந்த ஊர் போஸ்ட் மாஸ்டர். பையனுக்கு ஆறு வயசு ஆகும் முன்பே அப்பா இறந்துபோனார். பெரிய குடும்பம், சின்ன வருமானம். குளிர்காலத்துக்கு மலையிலிருந்து இறங்கி காலாதுங்கியில் இருக்கும் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். வீட்டைச் சுற்றிலும் காடு. பையன் அங்கேதான் வளர்ந்தான் என்று சொல்லலாம்.

எட்டு வயசு வாக்கில் அவன் கைக்கு முதல் துப்பாக்கி வந்தது. குமாவோன் பறவைகளைப் பற்றிப் புத்தகம் தயாரித்துக்கொண்டிருந்த உறவினர் ஒருவர், பறவை சேகரித்துக் கொடுத்ததற்குப் பரிசாகத் தந்தது. இரட்டைக்குழல். வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற பழைய ரகம். ஆனால் அதை இரட்டைக்குழல்னு சொல்றது பாதிப் பொய். முன்னாடி யாரோ வெடிமருந்தை அளவுக்கு மீறிப் போட்டுச் சுட்டதில் வலது குழல் பிளந்துபோயிருந்தது. அடிக்கட்டையும் அதே வெடிப்பில் உடைந்து, குழலையும் கட்டையையும் பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். மிச்சமிருந்த இடது குழல்தான் அவனுடைய துப்பாக்கி.

யோசிச்சுப் பாருங்க. எட்டு வயசுப் பையன் தினமும் பிடிக்கிற துப்பாக்கியிலேயே, மருந்து கூடினால் என்ன ஆகும் என்பதற்கான பாடம் பிளந்து கிடக்கு. நாம ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் ஹூப் ஸ்ட்ரெஸ் படிக்கிறோமே, சுவர் தடிமன் இவ்வளவு, உள்ளழுத்தம் இவ்வளவு என்று, அதுதான் இது. ஒரே வித்தியாசம், நமக்கு அரியர் விழும், அவனுக்கு விரல் போயிருக்கும். ஒவ்வொரு வேட்டுக்கும் மருந்தை அளந்து, அடைப்பு வைத்து, ரவையைக் கொட்டி, கம்பியால் இடித்து, அதற்கப்புறம்தான் சுடணும். குறி தவறினால் மறுபடி முதலிலிருந்து. வாங்கித் தர ஆளில்லாத வீட்டில் மருந்து வீணாகக் கூடாது. காத்திருந்து, கிட்டே போய், ஒரே வேட்டு. அவருடைய பிற்கால வேட்டையின் குணம் முழுக்க அந்த ஒற்றைக் குழலில் பழகினதுன்னு எனக்குத் தோணுது.

கொஞ்ச நாளில் நைனிதால் கேடட் படையிலிருந்து .450 மார்ட்டினி ரைஃபிள் ஒன்று கடனாகக் கிடைத்தது. தோட்டா போட்டுச் சுடுவது. அவருடைய முதல் சிறுத்தை அதில்தான் விழுந்தது. தோளை நல்லா உதைக்கிற ரைஃபிள் அது. சின்னப் பையன் எப்படித் தாங்கினானோ.

பள்ளிப் படிப்போடு ரயில்வே வேலைக்குப் போனார். முதலில் எஞ்சினுக்கு விறகு வெட்டும் இடத்தில். பிறகு கங்கைக் கரையில் மொகாமே காட்டில் சரக்கு மாற்றும் கான்ட்ராக்ட். அகலப்பாதை வண்டியில் வரும் சரக்கை இறக்கி மீட்டர்கேஜ் வண்டிக்கு ஏற்ற வேண்டும், மனிதக் கையால். இருபது வருஷத்துக்கு மேல் அதுதான் அவர் பிழைப்பு. புலி வேட்டையெல்லாம் லீவில்! நிறைய பேர் அவரை முழுநேர வேட்டைக்காரர்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க.

இப்போ 1907-க்கு வருவோம். ஆனால் சம்பாவத் புலியைப் பார்க்கும் முன், அன்று அவர் கையில் இருந்ததைப் பார்த்துவிடலாம். இங்கேதான் கட்டுரையின் உயிர் இருக்கு, கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

அது .500 போர் இரட்டைக்குழல் எக்ஸ்பிரஸ் ரைஃபிள். அந்த ரகம் கரிமருந்துக் காலத்தில் பிறந்தது. மூன்று அங்குல நீளப் பித்தளைக் கூட்டில் 136 கிரெயின் கரிமருந்து, அதாவது 9 கிராமுக்குச் சற்றுக் குறைவு. முன்னால் 440 கிரெயின் ஈயக்குண்டு. சுட்டால் புகை மண்டும். புலி எங்கே நிற்கிறது என்று புகை விலகினால்தான் தெரியும். ஆட்கொல்லிக்கு எதிரே நிற்கிறவனுக்கு அந்த இரண்டு மூன்று நொடி என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

1880-களின் கடைசியில் கார்டைட் வந்தது. நைட்ரோகிளிசரின், கன்காட்டன், கொஞ்சம் வாசலின் சேர்த்து நூல் மாதிரி இழுத்த மருந்து. புகை கிட்டத்தட்ட இல்லை, சக்தி பல மடங்கு. ஊட்டி ரயிலில் போகும்போது அருவங்காடு ஸ்டேஷன் பார்த்திருப்பீங்களே, அங்கே இருக்கிற தொழிற்சாலைக்குக் கார்டைட் ஃபேக்டரி என்றே பெயர். இந்த மருந்துதான்.

துப்பாக்கி செய்பவர்கள் என்ன செய்தார்கள் என்றால், பழைய கரிமருந்துத் தோட்டாவின் அதே கூட்டில் கார்டைட்டை நிரப்பினார்கள். புது ரைஃபிள்களைத் தடித்த குழலோடு, வலுவான பூட்டோடு செய்தார்கள். .500 நைட்ரோ எக்ஸ்பிரஸ் பிறந்தது. 570 கிரெயின் குண்டு, நொடிக்கு 2,150 அடி. நல்லதுதானே? சிக்கல் எங்கேன்னா, கூடு அதே கூடு. புதுத் தோட்டா பழைய ரைஃபிளின் சேம்பருக்குள் அழகாக வழுக்கிக்கொண்டு போகும், பூட்டும் மூடிக்கொள்ளும். விசையை இழுத்தால் கரிமருந்தை நம்பிச் செய்த குழல் நைட்ரோ அழுத்தத்தைச் சந்திக்கும். ஃபோன் சார்ஜர் பின் பொருந்துது என்பதற்காக வோல்டேஜ் பார்க்காமல் சொருகுவோமே, அந்த மாதிரி. ஆனால் இங்கே வெடிப்பது முகத்துக்கு நாலு அங்குலம் முன்னால்.

அப்போ பழைய ரைஃபிள் வைத்திருப்பவன் என்ன பண்ணுவான்? அவனுக்காக நடுவழி ஒன்று வந்தது. அதே 440 கிரெயின் குண்டு, ஆனால் மருந்து மட்டும் சுமார் 55 கிரெயின் கார்டைட். பழைய கரிமருந்துத் தோட்டா தந்த வேகத்தையே, நொடிக்கு 1,900 அடி அளவில், புகையில்லாமல் தரும்படி குறைத்து அளந்த தோட்டா. கார்பெட் தன் ரைஃபிளை மாடிஃபைட் கார்டைட் ரைஃபிள் என்று குறிப்பிட்டது இதைத்தான். இதே காலத்தில் ராணுவம் நைட்ரோகிளிசரினை 58-லிருந்து 30 சதவீதமாகக் குறைத்துப் புதுக் கலவை ஒன்று கொண்டுவந்தது. அதற்கும் மாடிஃபைட் கார்டைட் என்றுதான் பெயர். ரெண்டையும் குழப்பிக்காதீங்க. ஒன்று மருந்தின் கலவையில் செய்த மாற்றம். இன்னொன்று தோட்டாவில் அளந்த அளவு.

கணக்கு போட ஆசையிருந்தால் போட்டுப் பாருங்க. குறைத்து அளந்த தோட்டாவின் குண்டு குழலை விட்டு வரும்போது இயக்க ஆற்றல் சுமார் 4,800 ஜூல். முழு நைட்ரோவுக்குச் சுமார் 7,900. ஒரே போர், ஒரே கூடு.

இந்த ரைஃபிளோடுதான் கார்பெட் சம்பாவத் போனார். அந்தப் பெண்புலி நேபாளத்தில் 200 பேரையும், விரட்டப்பட்டு எல்லை தாண்டி வந்து குமாவோனில் 234 பேரையும் கொன்றிருந்தது. போவதற்கு முன் கார்பெட் இரண்டு நிபந்தனை வைத்தார்: புலியின் தலைக்கு அறிவித்த பரிசை ரத்து செய்யணும், காட்டில் இருக்கும் மற்ற வேட்டைக்காரர்களைத் திரும்ப அழைக்கணும். பரிசுக்காகப் போகிறவன்னு யாரும் நினைக்கக் கூடாது. பின்னாலிருந்து பதறிப்போய் எவனாவது சுட்டுவிடவும் கூடாது.

அவர் சம்பாவத் பக்கம் இருக்கும்போதே, சுள்ளி பொறுக்கப் போன பதினாறு, பதினேழு வயசுப் பெண் ஒருத்தியைப் புலி தூக்கிக்கொண்டு போனது. கார்பெட் ரத்தத் தடத்தைப் பிடித்துத் தனியாகப் போனார். அன்று முழுக்க அலைந்தும் புலி கிடைக்கவில்லை. மறுநாள் தாசில்தார் ஊர் ஊராக ஆள் சேர்த்தார். 298 பேர். தகரம், பறை, ஓட்டைத் துப்பாக்கி, கையில் கிடைத்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு மலை விளிம்பில் வரிசை கட்டினார்கள். கார்பெட் கீழே பள்ளத்தாக்கில். அவரிடம் இருந்த தோட்டா எத்தனை தெரியுமா? மூன்று.

ஏன் மூன்று? இரட்டைக்குழலில் இரண்டு, அவசரத்துக்கு ஒன்று. புலி எதிரே வந்தால் இரண்டு தடவைக்கு மேல் சுட நேரம் கிடைக்காது என்பது அவர் கணக்கு. தோட்டாவைச் சிக்கனமாகச் செலவழித்து வளர்ந்தவரின் கணக்கு அது. அன்னிக்கு அந்தக் கணக்கு தப்பாப்போச்சு.

புலி வெளியே வந்தது. தூரத்திலிருந்த தாசில்தார் தன் ஷாட்கன்னின் இரண்டு குழலையும் வெடித்தார். புலி திரும்பி ஓட, கார்பெட் வேறு வழியில்லாமல் பின்னாலிருந்து ஒரு வேட்டு விட்டார், பலனில்லை. மேலே இருந்தவர்கள் புலி செத்துவிட்டது என்று நினைத்து ஆரவாரம் செய்ய, அந்தச் சத்தத்தில் அது மறுபடி அவர் பக்கமே வந்தது. அடுத்த இரண்டு குண்டும் பட்டன. புலி விழவில்லை. ஒரு பாறைத் திட்டில் ஏறி, அவரைப் பார்த்து நின்று சீறியது. கையில் காலி ரைஃபிள்.

கார்பெட் தாசில்தாரை நோக்கிக் கத்திக்கொண்டே ஓடி, அவர் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு திரும்பினார். கிட்டே வந்து தூக்கிப் பிடித்த பிறகுதான் பார்க்கிறார்: குழலுக்கும் பூட்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட முக்கால் சுண்டுவிரல் அகலத்துக்கு இடைவெளி! தாசில்தார் சுட்டபோது அது வெடிக்கவில்லை, அதனால் நமக்கும் வெடிக்காமல் இருக்கலாம். ஆனால் பின்பக்கம் சீறும் வாயுவால் கண் போனாலும் போகும். இருந்தும் இருபது அடியில் வாய் திறந்து நின்ற புலியின் வாய்க்குக் குறி வைத்துச் சுட்டார். குண்டு வாயில் படவில்லை, முன்னங்காலில் போய்ப் பட்டது. தோலோடு நின்ற அந்தக் குண்டைப் பிறகு நகத்தாலேயே எடுத்துவிட்டார். ஏற்கெனவே வாங்கிய இரண்டு குண்டில் புலி உயிர் போகிற நிலையில் இருந்ததால், காலில் பட்ட அந்தத் தட்டலுக்கே முன்னால் சரிந்தது.

436 பேரைக் கொன்ற புலிக்கும் கார்பெட்டுக்கும் நடுவில் நின்றது ஒரு லூஸ் பூட்டு. எனக்கு இந்தக் கதையில் மறக்காத இடம் இதுதான்.

இந்தப் புலிக்காக ஐக்கிய மாகாண லெப்டினன்ட் கவர்னர் சர் ஜான் ஹெவெட் அவருக்கு ஒரு ரைஃபிள் பரிசளித்தார். லண்டன் ரிக்பி கம்பெனியின் .275. ஒற்றைக் குழல், மவுசர் போல்ட் ஆக்‌ஷன். அடிக்கட்டையில் வெள்ளித் தகடு. 140 கிரெயின் குண்டு மட்டுமே, ஆனால் வேகம் அதிகம். நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிறவருக்கு எடை குறைந்த துப்பாக்கி எவ்வளவு பெரிய வரம்! ருத்ரபிரயாகையில் எட்டு வருஷம் யாத்திரிகர்களை நடுங்கவைத்து, அரசுக் கணக்குப்படி 125 பேரைத் தின்ற சிறுத்தையை, 1926 மே மாதம் ஒரு மாமரத்தின் மேலிருந்து, டார்ச் கட்டின ரைஃபிளால் முடித்தது இந்த .275 தான். 1930-ல் சௌகர் பெண்புலி பாறைக்குப் பின்னால் எட்டடி தூரத்தில் படுத்திருந்தபோது, அவர் இடது கையில் பறவை முட்டைகள். ஆமாம், வழியில் எடுத்த பக்கி முட்டைகள். வலது கையால் மட்டும் ரைஃபிளை மெல்ல, மெல்லத் திருப்பிச் சுட்டார். பத்து பவுண்டு இரட்டைக்குழலில் அந்த வித்தை நடந்திருக்குமா, நீங்களே சொல்லுங்க.

அதற்காக அவர் இரட்டைக்குழலை விட்டுவிடவில்லை. அடர்ந்த புதருக்குள் போகும்போது ஜெஃப்ரி கம்பெனியின் .450/400 அவர் கையில் இருக்கும். இந்தப் பெயரே ஒரு புதிர். .450 கூட்டின் கழுத்தைக் குறுக்கி .400 அளவுக் குண்டு வைத்தது என்று அர்த்தம். 1907 வாக்கில் இந்தியாவில் .450 போர் ரைஃபிள்களுக்கு அரசாங்கம் தடை போட்டது, மார்ட்டினித் தோட்டா கலகக்காரர் கைக்குப் போய்விடக் கூடாதுன்னு. பெயரில் 450 இருந்தாலும் இதன் குழல் 400 என்பதால் தப்பித்தது. இந்தத் தோட்டாவிலும் இரண்டு ரகம் உண்டு. கரிமருந்துக் காலத்து மூணேகால் அங்குலக் கூட்டுக்குக் கழுத்து நீளம், சுவர் மெல்லிசு. கார்டைட் போட்டுச் சுட்டால் நம்ம ஊர் வெயிலில் கூடு சேம்பரில் ஒட்டிக்கொண்டு வெளியே வராமல் தகராறு பண்ணும். அதற்காக ஜெஃப்ரி மூன்று அங்குலக் கூடு செய்தார். கழுத்து குட்டை, விளிம்பு தடிப்பு. வெயிலில் கார்டைட்டின் அழுத்தம் ஏறும் என்பதால், நம்ம மாதிரி நாடுகளுக்கென்றே மருந்தைச் சற்றுக் குறைத்து அடைத்த தோட்டாக்களும் விற்றன.

இரட்டைக்குழலில் இன்னொரு நுணுக்கம் இருக்கு. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குழல் இருந்தால் இணையாகத்தானே வைப்பாங்கன்னு நினைப்பீங்க. இல்லை. வலது குழல் துப்பாக்கியின் நடு அச்சுக்கு வலப்பக்கம் இருக்கிறது. அதிலிருந்து சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைப்பதோடு வலப்பக்கமும் திரும்பும். குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே அந்தத் திருப்பம் ஆரம்பித்துவிடும். அதனால் இரண்டு குழலின் முனையும் உள்பக்கம் சாயும்படி பொருத்துவார்கள். நடுவில் ஆப்பு வைத்து, ஈயம் பற்றவைத்து, சுட்டுப் பார்த்து, மறுபடி உருக்கி, ஆப்பை நகர்த்தி, மறுபடி சுட்டு, இரண்டு குண்டும் ஒரே இடத்தில் விழும் வரை. இத்தனையும் ஒரே ஒரு தோட்டாவுக்காக. குண்டின் எடை, வேகம் இரண்டில் எது மாறினாலும் போச்சு. குண்டு மெதுவாகப் போனால் குழலுக்குள் அதிக நேரம் இருக்கும், திருப்பம் கூடும், வலது குண்டு வலப்பக்கமும் இடது குண்டு இடப்பக்கமும் விலகும். வேகமாகப் போனால் ஒன்றையொன்று குறுக்கே தாண்டும்.

1938 நவம்பர் 30. தாக் கிராமத்துப் பெண்புலி. கார்பெட்டுக்கு அப்போது 63 வயசு, இதுதான் கடைசி ஆட்கொல்லி என்று முடிவு செய்திருந்தார். 1929-ல் யானை மேல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கையிலிருந்த கனரக ரைஃபிள் காதருகே வெடித்ததில் செவிப்பறை கெட்டுப்போயிருந்தது. மாலை மங்குகிற நேரம், சரிவான பாறை விளிம்பில் ஒட்டிக்கொண்டு, ஆண்புலி போலக் குரல் கொடுத்து அதைக் கூப்பிட்டார். பின்னால் கீழே நான்கு கிராமத்தார். இருட்டுவதற்குச் சில நிமிடம் முன் புலி வந்தது. .450/400-இன் இரண்டு குழலும் வெடித்தன. உதைப்பில் அவர் பாறையிலிருந்து சரிந்து, ரைஃபிளோடு அந்த நான்கு பேர் மேலேயே போய் விழுந்தார். புலி செத்ததா இல்லையா என்று கொஞ்ச நேரம் யாருக்கும் தெரியாது. செத்திருந்தது.

அதற்குள் அவர் கையில் கேமரா ஏறிப் பல வருஷம் ஆகியிருந்தது. 1936-ல் ஹெய்லி தேசியப் பூங்கா அமைந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. இப்போது அவர் பெயரில் இருப்பது அதுதான். இரண்டாம் உலகப்போரில் சிப்பாய்களுக்குக் காட்டில் பிழைக்கிற வித்தையைச் சொல்லிக்கொடுத்தார். 1944-ல் குமாவோன் ஆட்கொல்லிகள் புத்தகம். 1947-ல் அக்கா மேகியோடு கென்யாவின் நியேரிக்குப் போனார். அங்கேயே 1955 ஏப்ரல் 19 அன்று இறந்தார்.

துப்பாக்கிகள் அவரைவிட நீண்ட ஆயுளோடு இருக்கின்றன. .275 ரிக்பி கம்பெனியிடமே திரும்பிப் போய், 2016-ல் ஒருமுறை குமாவோனுக்கும் வந்துபோனது. ஜெஃப்ரி இரட்டைக்குழல் அமெரிக்காவின் எல்மர் கீத் என்ற துப்பாக்கி எழுத்தாளரிடம் போய்ச் சேர்ந்தது.

ஆனால் தோட்டா? கார்டைட் அடைத்த அந்தப் பழைய தோட்டாக்கள் கடையில் கிடைப்பது நின்று பல காலம் ஆச்சு. இன்றைக்கு இப்படி ஒரு பழைய இரட்டைக்குழலைச் சட்டப்படி வைத்திருப்பவர் தோட்டாவைத் தானே அடைத்துக்கொள்வதும் உண்டு. இன்றைய மருந்து கார்டைட் மாதிரி எரியாது. கரிமருந்துக்காகச் செய்த பெரிய கூட்டுக்குள் பாதி காலியாகக் கிடந்து, துப்பாக்கியைச் சாய்க்கிற பக்கம் எல்லாம் ஓடும். அதனால் மேலே பஞ்சோ நுரைத் துண்டோ வைத்து நிறுத்துகிறார்கள். முதலில் குழலில் பொறித்த பரிசோதனை முத்திரையைப் படிக்கணும்: இது கரிமருந்துக்கா, குறைத்து அளந்த கார்டைட்டுக்கா, முழு நைட்ரோவுக்கா? அப்புறம் அந்தக் காலத்துக் குண்டின் எடையிலேயே குண்டு. அப்புறம் வேகமானியை முன்னால் வைத்து, அழுத்த வரம்புக்குள் நின்றபடி பழைய வேகத்தைத் தேடுவது. வேகமானி சரி என்று சொன்னாலும் முடிந்துவிடாது. தாளில் வலது குழலால் ஒன்று, இடது குழலால் ஒன்று சுட்டுப் பார்க்கணும். நூறு வருஷத்துக்கு முன் லண்டனில் எவனோ ஒரு தொழிலாளி ஆப்பு வைத்து ஈயம் ஊற்றின அளவுக்கு நாம் வந்துவிட்டோமா என்று அந்த ரெண்டு ஓட்டைதான் சொல்லும்.